மூடி போட்டுப் பிடித்த இடம்

போன மாதம் வரை என் காரின் டிக்கியில் ஒரு பானை மூடி கிடந்தது. வீட்டுக் குக்கர் மூடி என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற பெரிய கிடாரத்தின் அலுமினிய மூடி. நிமிர்த்தி வைத்தால் டிக்கி சாத்தாது, படுக்கப் போட்டால் வேறு சாமானுக்கு இடமில்லை. ஊரிலிருந்து வந்த என் மாமனார் மெல்பர்ன் விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "இது எதுக்கு மாப்ள?" என்று கேட்டார். இந்த நாட்டில் ஸ்டெப்னிக்குப் பதிலாக இதைத்தான் கொடுக்கிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் இருக்கும் பக்கத்தில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொன்றிலும் கார் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து அது ஒரு தடவை டங் என்று சொல்லும். கோயில் மணி மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி. எனக்கு அது வகுப்பில் வாத்தியார் பேரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்வதுபோல இருக்கும்.

மூடி அன்ரியுடையது; ஆன்ட்டியை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள். மெல்பர்னில் நாங்கள் இருக்கும் மல்கிரேவ் பக்கத்துத் தமிழர்களில் யாரைக் கேட்டாலும், அன்ரி என்றால் எந்த அன்ரி என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருஷம் போல உருளைக்கிழங்கு மசித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாகச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கியவர். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டான சாமத்திய வீடு, இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி என்று எல்லாவற்றுக்கும் அவர் சாப்பாடுதான். ஆனால் சமைப்பதற்கு அவருக்கென்று ஓர் அடுப்பு இல்லை. இருந்தது மகளின் வீட்டில்; அந்தச் சமையலறையில் ஊருக்கு வடித்துக் கொட்ட முடியாது, சட்டமும் விடாது. அதனால் வாடகைச் சமையலறைகள். ஒரு வாரம் கால்பந்து கிளப், மறு வாரம் தேவாலய மண்டபம். பானைகள் எல்லாம் ஒரு பழைய வேனில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எல்லா இடத்திலும் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்குமாம், வந்தபோது இருந்த மாதிரியே விட்டுவிட்டுப் போகவும் என்று. "அதென்ன கதை தம்பி," என்று ஒருநாள் வேனில் ஏற்றிக்கொண்டே சொன்னார். "நான் வந்ததே தெரியக்கூடாதாம். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். என்ர பானையை ஒரு ராவைக்கு விட்டிட்டுப் போய், காலமை வந்து அதே இடத்தில பாக்கவேணும். அவ்வளவுதான்."

அந்த ஆசைக்கு ஒரு கட்டிடம் கிடைத்த கதையும், அதை நான் ஒரு ஜோக்கால் காலி செய்த கதையும்தான் இது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஜோக் வரும். பல் பிடுங்கும் நாற்காலியில் வந்திருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப் போகிறோம் என்று மேலாளர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்த நேரத்தில் வந்திருக்கிறது. தாலி கட்டுகிற நேரத்தில் வந்து, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்து, தவில்காரர் கெட்டிமேளத்தை முன்னாலேயே தொடங்கிவிட்டார். பார்ப்பவர்கள் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவது எனக்கு மட்டும் தெரியும். ஐம்பதை நெருங்குகிற இந்த வயதிலும் அந்த ஆட்டுக்குட்டி வளரவே இல்லை. இப்படிப்பட்டவனைத்தான் எங்கள் தமிழ்ச் சங்கம் செயலாளராக வைத்திருந்தது. தமிழ்நாட்டுக்காரர்களும் ஈழத்துக்காரர்களும் சேர்ந்த சங்கம். யாருடைய ஆளும் இல்லை, எல்லாரையும் சிரிக்கவைப்பான், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவான் என்பதுதான் என் தகுதி.

கட்டிடம் ஓடைக்கரையில் இருந்தது. அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஆப்பிள் தோட்டங்களாம். தோட்டக்காரர்கள் சேர்ந்து பழங்களைக் கெடாமல் வைக்கக் கட்டிய குளிர்க் கிடங்கு அது. வெளியே செங்கல், உள்ளே பலகை, இரண்டுக்கும் நடுவில் குளிர் வெளியே போகாமல் இருக்க மரத்தூளைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். தோட்டங்கள் வீடுகளான பிறகு கிடங்குக்கு வேலை இல்லை. நாங்கள் யாரும் இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே பூட்டிவிட்டார்கள். கூரையில் புறா, சுவரில் ஸ்ப்ரே பெயின்ட், கதவிடுக்கில் முளைத்த மரம். பாரம்பரியக் கட்டிடம் என்று பட்டியலில் இருந்ததால் இடிக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல், இங்கத்து நகராட்சியான கவுன்சில் முழித்துக்கொண்டிருந்தது. கடைசியில், பழுதுபார்த்து நடத்துகிற அமைப்புக்கு நீண்ட குத்தகைக்குத் தருகிறோம் என்றார்கள். கட்டிடத்தில் பாதி பொதுப் பயன்பாட்டுக்கு, மீதிப் பாதி கடை கண்ணிக்கு. கடை தருகிற வாடகையில் மண்டபம் பிழைக்க வேண்டும். நாங்கள் கை தூக்கினோம். பெரிய அறையில் தமிழ்ப் பள்ளியும் முதியோர் கூட்டமும். பின்பக்கம் குளிரூட்டும் இயந்திரம் இருந்த அறை அன்ரியின் சமையலறை. அவர்தான் எங்கள் முதல் வாடகைதாரர். அவரை நம்பித்தான் மனுவே போட்டோம்.

சுத்தம் செய்துகொள்ளட்டும் என்று குத்தகைக்கு முன்பே சாவியைக் கொடுத்திருந்தார்கள். சாவி கிடைத்த முதல் சனிக்கிழமை நாங்கள் செய்த காரியத்தை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். குடும்பம் குடும்பமாக வாளியும் விளக்குமாறுமாக வந்து இறங்கி, கட்டிடத்தைக் கழுவிவிட்டோம். புது வீடு என்றால் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. வாசலில் கோலம் போட ஒருவர் மாவோடு தயார். அப்போதுதான் கவுன்சிலின் பாரம்பரிய ஆலோசகர் காரை விட்டு இறங்கினார். இளம் பெண். வாசலில் ஓடிவந்த தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. சுவருக்குள் இருப்பது மரத்தூள், தண்ணீர் போனால் ஊதி வெடிக்கும் என்று கையை விரித்து விரித்துச் சொன்னார். நான் உடனே, இது எங்கள் ஊர் முறைப்படி நடத்திய கசிவுப் பரிசோதனை என்றேன். அவர் பாவம், சிரித்துவிட்டார். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அன்ரி மட்டும் சுவர் அருகே போய் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். ஈரம் பட்ட மரத்தூளிலிருந்து மெல்ல ஒரு வாசனை கிளம்பிக்கொண்டிருந்தது. புளித்த ஆப்பிள் வாசனை. இத்தனை வருஷங்களுக்குப் பிறகு. "உள்ளுக்க வைச்சுக்கொண்டு இருந்திருக்கு," என்றார். "ஒருத்தரும் கேக்கேல்லை, அதுவும் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள். புறா எச்சத்தைச் சுரண்டினோம், நனைந்த மரத்தூளை முகமூடி போட்டு வாரி மூட்டை கட்டினோம், பலகைகளைக் கழற்றி எண் போட்டு அடுக்கினோம். மெல்பர்ன் வானிலை தெரிந்ததுதானே, காலையில் தொப்பி, பத்து மணிக்கு மழைக்கோட்டு, மத்தியானம் மறுபடி தொப்பி. கணினி முன்னால் உட்கார்ந்தே தேய்ந்த எங்கள் கைகளில் கொப்புளம் வந்தது. அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினோம். இயந்திர அறை காலியான அன்று அன்ரி ஒரு சாக்கட்டியோடு உள்ளே போனார். குனிந்து குனிந்து தரையில் கோடு போட்டார். இது அடுப்பு, இது தொட்டி, இது மேசை. பிறகு சுவரோரமாக, புகைப்போக்கிக்குக் கீழே, பெரிதும் சிறிதுமாக வட்டங்கள். "இது என்ன அன்ரி, ஒலிம்பிக்கா?" என்றேன். "என்ர பானையள் நிக்கிற இடம். இது பெரிய கிடாரம், இது சாம்பாருக்கு, இது பாயாசத்துக்கு. ஒராளுக்கு ஒரு இடம்." வேனுக்குப் போய் அந்தப் பெரிய மூடியைக் கொண்டுவந்து, மிகப் பெரிய வட்டத்தின் மேல் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

எங்கள் ஊர் பஸ்களில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை அவருக்குச் சொன்னேன். துண்டு கிடந்தால் அந்த சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். கேட்டால் "ஆள் வருது" என்று சொன்னால் போதும், கேட்டவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார். துண்டுக்குச் சட்டம் இல்லை, போலீஸ் இல்லை, ஆனாலும் அதற்கு ஒரு மதிப்பு. அன்ரிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் மின்சார வேலைக்கு வந்தவர் மூடியைக் காலால் தள்ளப் போனபோது, அன்ரி முழுத் தமிழில் "ஆள் வருது" என்றார். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, சுற்றிக்கொண்டு போனார். அதிலிருந்து எங்கள் இருவருக்கும் இடையில் அதுவே வணக்கமாகிவிட்டது. நான் உள்ளே நுழைந்தால் மூடியைக் காட்டி, "யார் அன்ரி இது?" என்பேன். "ஆள் வருது" என்பார்.

திட்ட அனுமதிக்குக் கவுன்சிலில் பொதுக்கூட்டம் வந்தது. ஓர் எதிர்ப்பு வந்திருப்பதாக முன்பே சொல்லியிருந்தார்கள். கட்டிடத்துக்குக் கிழக்கே வேலியை ஒட்டி இருக்கும் வீட்டுப் பெரியவர், சமையலறை பற்றி ஏதோ எழுதியிருக்கிறாராம். அவ்வளவுதான். என் ஆட்டுக்குட்டி அன்றிலிருந்தே கயிற்றை இழுக்கத் தொடங்கிவிட்டது. மசாலா வாசனை, உலர்த்தப் போட்ட துணி, கார் நிறுத்த இடம், இரைச்சல் என்று அவர் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் நானே அவருக்காக யோசித்து, நானே பயந்து, மூன்று பக்கத்துக்குப் பதில் தயாரித்தேன். அன்ரி பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பின்வரிசையில் உட்கார்ந்தார். பெரியவர் முன்வரிசையில், கையில் மடித்த ஒரு தாளோடு இருந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதாவது, என் பெயரைப் போல ஏதோ ஒன்றை.

மைக்கின் முன்னால் நின்றதும் மூன்று பக்கமும் மறந்துபோனது. மேயர் நல்ல மனிதர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் விளக்குவீர்களா, அக்கம்பக்கத்துக்குக் கவலை இருக்கும்போல் தெரிகிறது என்றார். பெரியவர் தாளைப் பிரித்தார். அந்தத் தாள் பிரிகிற சத்தம் கேட்டதும் எனக்கு வந்துவிட்டது. கவலையே வேண்டாம் மேயர் அவர்களே, என் வீட்டிலேயே என்னைச் சமையலறைக்குள் விடுவதில்லை. எங்களுக்கு அது தேநீர் போடுகிற இடம், சாப்பாடெல்லாம் வெளியிலிருந்து தானாக வரும், மாமியார் வருவதுபோல, சொல்லாமல் கொள்ளாமல் என்றேன். அரங்கம் சிரித்தது. கவுன்சிலர்கள் சிரித்தார்கள், பெரியவர் சிரித்துவிட்டுத் தாளை மறுபடி மடித்தார். அந்தச் சிரிப்பை எப்படிச் சொல்வது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ அறைகளில் எத்தனையோ மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, சரியான இடத்தில் சரியான அளவுக்குப் பேசக் கற்றுக்கொண்டு நான் காத்திருந்த சிரிப்பு அது. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்ததுபோல இருந்தது. அந்தச் சுகத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மேயர், அப்படியானால் கட்டிடத்தில் உணவு சமைப்பதில்லை என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே என்றார். நான் "ஹாப்பி டு" என்றேன். சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லில் அடுப்பு, தொட்டி, மேசை, பானை நிற்கிற வட்டங்கள் எல்லாம் போய்விட்டன. அனுமதி ஒருமனதாக நிறைவேறியது.

கார் நிறுத்துமிடத்தில் எங்கள் ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். கலக்கிட்டீங்க என்றார் ஒருவர். என்ன நடந்தது என்று அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. அன்ரி கம்பளிச் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். ஆங்கிலம் விளங்காத ஆள் இல்லை அவர். இருபது வருஷம் ஆங்கிலத்தில் வசவும் வாங்கிப் புகழும் வாங்கியவர். என் அருகில் வந்து நின்றார். "எல்லாரும் நல்லாச் சிரிச்சவை, தம்பி," என்றார். அவ்வளவுதான். வேனில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் திருப்பி ஒரு ஜோக் சொல்லி ஒப்பேற்றியிருப்பேன்.

மறுநாளே கவுன்சில் அலுவலகத்துக்கு ஓடினேன். திருத்தம் கேட்கலாம், ஆனால் முதலிலிருந்து அறிவிப்பு, கூட்டம் எல்லாம் நடக்க வேண்டும், அதுவரை குத்தகை கையெழுத்தாகாது என்றார்கள். சங்கக் குழு கூடியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், முதலில் கட்டிடத்தைத் திறப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்ரியும் அதற்கே கை தூக்கினார். "கட்டிடம் வரட்டும்," என்றார். அந்த நேரத்தில் எனக்கு வந்தது வருத்தமில்லை. நிம்மதி. இன்னொரு தடவை மைக்கின் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்கிற நிம்மதி. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது.

பின்னறைக்கு வேறு வாடகைதாரர் தேடினோம். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுகிற ஒரு தம்பதி வந்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரும் எதிர்க்கவில்லை. நாய்களுக்கு வெந்நீர் வேண்டும் என்று குழாய் போட்டார்கள், தரையில் வடிகால் வெட்டினார்கள். அன்ரி கேட்டபோது கவுன்சிலோடு முட்டிமோதி வாங்க வேண்டும் என்று நாங்கள் நினைத்த வெந்நீர் இணைப்பு நாய்களுக்கு ஒரே வாரத்தில் வந்தது. அந்த வேலைகள் தொடங்குவதற்கு முந்திய நாள் மாலை நான் தனியாகப் போய், சாக்கட்டி வட்டத்திலிருந்து மூடியை எடுத்து டிக்கியில் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று திட்டம். அன்ரியின் தெருவில் திரும்பினேன். கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில், பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையிடையே பழைய போர்வையைத் திணித்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. யாரோ தெரியாத ஆள் போல, நேராகப் பார்த்துக்கொண்டு, அவர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

திறப்பு விழா அன்று மழை பக்கவாட்டில் அடித்தது. சாப்பாடு நான் சொன்னபடியே வெளியிலிருந்து வந்தது. கால்பந்து கிளப்பில் விடிவதற்கு முன்பே சமைத்து, வேனில் ஏற்றி வந்திருந்தார் அன்ரி. நானும் இன்னொருவரும் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்த பெரிய கிடாரத்தின் மேல், மூடிக்குப் பதிலாக ஒரு பேக்கிங் தட்டைக் கவிழ்த்து, அலுமினியத் தாளைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஆவி அதன் விளிம்பு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. மூடி அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என் டிக்கியில் இருந்தது. கிடங்கின் கனத்த பழைய கதவை யாரோ எங்களுக்காகத் தோள்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் வேலியோரத்துப் பெரியவர்.

அவர் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினார். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். இதை எங்கே சமைத்தீர்கள் என்று அன்ரியைக் கேட்டார். அன்ரி கிளப்பின் பெயரைச் சொன்னார். இத்தனை பாரத்தையும் அங்கிருந்தா தூக்கி வருகிறீர்கள், ஏன் இங்கேயே சமைக்கக் கூடாது என்றார் அவர். அன்ரி கரண்டியால் என்னைக் காட்டி, "செக்ரட்டரி இருக்கிறார், அவரைக் கேளுங்கோ," என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னார். உங்கள் எதிர்ப்பினால்தானே அப்படி ஒரு நிபந்தனை என்றேன் நான், எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாக. அவர் புருவத்தைச் சுருக்கினார். எதிர்ப்பா, நான் புகைக்குழாயை என் படுக்கையறைப் பக்கம் வைக்காமல் ஓடைப் பக்கம் திருப்பிவிடுங்கள் என்று கேட்கத்தானே வந்தேன், அதைத்தான் எழுதி வைத்திருந்தேன், வாசிப்பதற்குள் சமையலே கிடையாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், சரி, இவர்களுக்கு வேண்டாம்போல என்று உட்கார்ந்துவிட்டேன் என்றார்.

யாரும் கேட்காததைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். பிடுங்கிக்கொண்டார்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன், அதுவும் இல்லை. கொடுத்ததும் என்னுடையதில்லை, அன்ரியுடையது. நான் நின்ற இடத்தில் நிற்க, வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. என் வாழ்க்கையில் அது வராமல் போன முதல் பயம் அதுவாகத்தான் இருக்கும். அன்ரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கரண்டி நிற்கவில்லை. அடுத்தவருக்குச் சோறு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை," என்றார். ஒரு தட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு போய், நாய்க்கடைக் கதவுக்கு முன்னால் நின்று சாப்பிட்டேன். உள்ளே ஷாம்பு வாசனை. எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள். ஆனால் விழுங்கினேன், ருசியாகவும் இருந்தது, அதுதான் இன்னும் அவமானம்.

திருத்த மனு அடுத்த வாரமே போட்டேன். அது கவுன்சிலின் வயிற்றில் ஒரு வருஷத்துக்கு மேல் ஜீரணமாகிக்கொண்டிருந்தது. அதற்குள் அன்ரியின் மகளுக்கு சிட்னியில் வேலை மாறி, ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு பார்த்துவிட்டார்கள். அன்ரி பானைகளை ஒவ்வொன்றாகக் கோயிலுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தார். பெரிய கிடாரத்தை மட்டும் கொடுக்கவில்லை. அதை நான்தான் தூக்கிச் சாமான் வண்டியில் வைத்தேன், மூடியில்லாத அதன் வாய் திறந்தபடி. என் கார் அந்த வண்டிக்குப் பின்னாலேயே நின்றது. டிக்கியைத் திறந்து மூடியை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. கொடுத்தால் எல்லாம் முடிந்துபோய்விடும் என்று தோன்றியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், மூடியை எடுத்துக்கொண்டு போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, சிட்னிக்காரர்களுக்கு ருசி தெரியாது அன்ரி, உப்பைக் குறைத்துப் போடுங்கள் என்று ஏதோ உளறினேன். "ஓம் ஓம்," என்றார். "போயிட்டு வாறன்."

இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால், வீட்டிலிருந்து கவுன்சில் வரை காரில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வேகத்தடைகளில் மூடி நடுவில் நடுவில் எனக்குத் தாளம் போட்டது. மைக்கின் முன்னால் நின்றேன். ஆட்டுக்குட்டி வழக்கம்போல ஓடியது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இந்தக் கட்டிடத்தில் எங்களுக்கு ஒரு சமையலறை வேண்டும், போன தடவை நான் பதற்றத்தில் வேறு மாதிரிச் சொல்லிவிட்டேன், புகைக்குழாயை ஓடைப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்றேன். வேலியோரத்துப் பெரியவர் இருந்த இடத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. நிறைவேறியது. தெருமரங்களைப் பற்றிய அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஜோக் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போன் போட்டேன். பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"சிரிச்சவையளோ?" என்றார் அன்ரி.

"இல்ல அன்ரி. ஒருத்தரும் சிரிக்கல."

"அப்ப சரி வந்திருக்கும்."

"அன்ரி, உங்க மூடி எங்கிட்டதான் இருக்கு."

"தெரியும் தம்பி."

"எப்படி?"

"எங்கட வீட்டைத் தாண்டிப் போனனீங்களெல்லே, அண்டைக்கே கேட்டது. முன்னால அந்த ஹம்ப் இருக்கு. என்ர மூடியின்ர சத்தம் எனக்குத் தெரியாதே?"

அந்தக் கராஜில் அவர் நிமிர்ந்து பார்க்காமல் போர்வையைத் திணித்துக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தேன். தெருவோரத்தில் போன்மீது காதை வைத்துக்கொண்டு, கன்னம் சுட நின்றேன். கொண்டுவந்து தந்துவிடட்டுமா, இந்த வாரமே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"உதுக்காகச் சிட்னி வரைக்கும் ஓடிவாறதோ? தட்டாலயே மூடிப் பழகிப்போச்சு. அது எங்க இருக்கவேணுமோ அங்க வையுங்கோ."

"நீங்க வருவீங்களா அன்ரி?"

"பாப்பம். முழங்கால் என்ன சொல்லுதெண்டு."

நாய்க்கடைத் தம்பதி இந்த வருஷம் பெரிய இடம் பார்த்துப் போனார்கள். பின்னறையில் போன மாதம் அடுப்பு ஏறியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் அவள் கணவனும் எடுத்திருக்கிறார்கள்; காலையில் இட்லி மாவு, மாலையில் சாப்பாடு. அவர்கள் விசாவே இன்னும் ஊசலாட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அடுப்பு எரிகிறது. முதல் நாள் நான் மூடியைத் தூக்கிக்கொண்டு போனேன். சாக்கட்டி வட்டங்கள் எப்போதோ போய்விட்டன. அதற்கு மேல் வடிகால் வந்து, அதற்கு மேல் இப்போது புது ஓடு பதித்தாகிவிட்டது. பழைய புகைப்போக்கி இருக்கும் இடத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, அதற்கு நேர் கீழே சுவரோரம், உத்தேசமாக ஓரிடத்தில் வைத்தேன். அந்தப் பெண் கழுவிய பாத்திரங்களை அடுக்க இடம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இது யாரோடது? எங்க பானை எதுக்கும் சேராதே. எடுத்து அந்தப் பக்கம் வச்சிரட்டா?"

தொண்டை வரைக்கும் மூன்று ஜோக் வந்து வரிசையில் நின்றன.

"ஆள் வருது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். எங்கள் ஊர் பஸ்ஸில் போயிருக்கிற பெண். வேறு ஒன்றும் கேட்காமல் தன் பாத்திரங்களைக் கொஞ்சம் தள்ளி அடுக்கத் தொடங்கினாள்.

திரும்பி வரும்போது டிக்கி காலி. வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது, பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. இருந்தும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டியைத் தேவைக்கு மேல் மெதுவாக்கி, காதைக் கொடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியேதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.